மாடலுக்குத் தமிழ் வராது என்று முடிவு கட்டும் முன்

சொந்தக் கணினியில் மொழி மாடலை ஓட்டிப் பார்க்கிறவர்கள் நம்மவர்களிலும் பெருகிவிட்டார்கள். பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்கிறவர், பள்ளி ஆசிரியர், வக்கீல் அலுவலகத்தில் மனு தட்டச்சு செய்கிறவர் என்று பலதரப்பட்டவர்கள். இன்னும் அச்சுக்குப் போகாத நாவலையோ கட்சிக்காரரின் ஆவணத்தையோ எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்ப மனம் வராது. மாதாமாதம் சந்தா கட்டுவதும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் மாடலை ஓட்டும் ஒல்லாமா, லாமா சிபிபி, அவற்றோடு பேச ஜன்னல் தரும் ஓப்பன் வெப்யூஐ என்று எதையாவது இறக்கி நிறுவிப் பார்க்கிறார்கள். அவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் எங்காவது மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். எப்படித் தொடங்கினாலும் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "இந்த மாடலுக்குத் தமிழ் தெரியலைங்க."

இந்த முடிவோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. தமிழ் சரியாக வராத மாடல்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும் இடத்துக்கு நாம் ரொம்பச் சீக்கிரம் போய்விடுகிறோம். மாடல் சரியாக எழுதியிருக்கும்; அது நம் கண்ணுக்கு வந்து சேரும் வழியில் எங்கோ கெட்டிருக்கும். அல்லது மாடல் பேச வாயெடுக்கும்போதே ஏதோ ஒரு அமைப்பு அதன் வாயை அடைத்திருக்கும். பழி மட்டும் மாடல் மேல் விழும், கூடவே தமிழ் மேலும் விழும். "தமிழுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று மென்பொருளை நீக்கிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான். அழகான சாட் ஜன்னலை மூடிவிட்டு, அதற்கு அடியில் இருப்பதை நேரடியாகக் கேளுங்கள். இந்த மென்பொருள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்பவை. அடியில் மாடல் கோப்பு. அதைப் படிக்கும் எஞ்சின், எஞ்சினுக்குத் தேவையான நூலகங்களும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவரும், அதற்கு மேல் கேள்வியை வாங்கிப் பதிலைத் தரும் சர்வர், அதற்கும் மேல் பிரவுசரில் தெரியும் ஜன்னல், கடைசியில் எழுத்துரு. எந்த மாடியில் கோளாறு நடந்தாலும் நமக்குத் தெரிவது மேல்மாடி ஜன்னலில்தான். அது "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. டெர்மினலில் நேராக எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கோப்பிலிருந்தே தொடங்கலாம். இங்கே வரும் சிக்கலை நிறையப் பேர் சந்தேகப்படுவதே இல்லை. மாடல்களைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்திலிருந்து, கோப்புகளை நகலெடுக்கும் 'கிட் குளோன்' கட்டளையைப் போட்டு மாடலை இறக்குவார்கள். நொடியில் முடிந்துவிடும். ஓட்டினால் "எரர் வைல் டீசீரியலைசிங் ஹெடர்: ஹெடர் டூ லார்ஜ்" என்று வரும். தலைப்பகுதி மிகப் பெரியதாம். படிப்பவர், தன் மெஷின் போதவில்லை போல என்று எடுத்துக்கொள்வார். போல்டரைத் திறந்து அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள் என்பேன். பல ஜிபி இருக்க வேண்டிய கோப்பு நூற்றுச் சொச்சம் பைட்தான் இருக்கும். நோட்பேடில் திறந்தால் மூன்றே வரிகள்: ஒன்று 'வெர்ஷன்' என்று தொடங்கும், அடுத்தது நீளமான கைரேகை எண், மூன்றாவது கோப்பின் உண்மையான அளவு. அதாவது வந்தது மாடல் இல்லை, மாடல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சீட்டு. கிட் எல்எஃப்எஸ் என்ற துணைக்கருவி கணினியில் இல்லாததால் கிட் சீட்டை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டது.

சரி, அப்படியென்றால் ஏன் 'தலைப்பகுதி பெரியது' என்கிறது? சேஃப்டென்சர்ஸ் என்ற மாடல் கோப்பு வகையில் முதல் 8 பைட், தலைப்பகுதி எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லும் ஓர் எண். சீட்டிலோ முதல் 8 பைட் 'வெர்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஏழு எழுத்தும் ஓர் இடைவெளியும். அதை எண்ணாகப் படித்தால் எந்தக் கணினியிலும் அடங்காத ஒரு ராட்சத எண் வரும். ஆக, எரர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. கேட்பவருக்குத்தான் அது எட்டவில்லை. இதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு எரர் செய்திகள் மேல் இருக்கும் பயம் போய்விடுவதைக் கவனித்திருக்கிறேன். அப்புறம் அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

லாமா சிபிபியும் ஒல்லாமாவும் படிக்கும் ஜிஜியுஎஃப் வகைக் கோப்புகளுக்குச் சோதனை இன்னும் சுலபம். அந்த நான்கு எழுத்தும்தான் கோப்பின் முதல் 4 பைட். அங்கே ஒரு கோண அடைப்பு இருந்தால் இறங்கியது மாடல் அல்ல, 'முதலில் லாகின் செய்' என்று சொல்லும் வலைப்பக்கம். உரிமத்தை ஏற்ற பிறகே இறக்க அனுமதிக்கும் மாடல்களில் இது நடக்கும். ஜிஜியுஎஃப் வடிவம் வந்தது 2023 ஆகஸ்டில். அதற்கு முந்தைய பழைய கோப்பை யாராவது பென் டிரைவில் கொடுத்தால் இன்றைய எஞ்சின் அதைத் தொடாது.

அடுத்தது பைத்தான் நிரல்மொழி. இங்கே நேரம் வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: புத்தம் புதிய பதிப்பை நிறுவிவிடுவது. பைத்தான் தளத்துக்குப் போனால் பெரிய பொத்தானில் இருப்பது புதிய பதிப்பு. எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள். ஆனால் மாடலை ஓட்ட உதவும் பைடார்ச் போன்ற பெரிய நூலகங்கள் ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனியாகக் கட்டி வெளியிடப்படுகின்றன, அது கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில், நூலகங்களை நிறுவும் 'பிப்' கருவி சொல்வது "நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபவுண்ட்". அப்படியொரு நூலகமே இல்லை என்பது போலத் தொனிக்கும். உங்கள் பைத்தானுக்குப் பொருந்தும் கட்டு இல்லை என்பதே பொருள். ஓரிரண்டு பதிப்பு பின்னால் இருக்கும் பைத்தானைப் போட்டு, அதற்கென்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொண்டால் போதும். லினக்ஸில் டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி, கணினியின் பொதுப் பைத்தானில் 'பிப்' கை வைக்கக் கூடாது என்று தடுத்துவிடுகிறார்கள். அந்தத் தடையை உடைக்கும் கட்டளை இணையத்தில் எங்கும் கிடைக்கும். போடாதீர்கள். அந்தப் பைத்தானை நம்பித்தான் உங்கள் லினக்ஸின் பல கருவிகள் ஓடுகின்றன.

எரரை எங்கிருந்து படிப்பது என்பதும் முக்கியம். ஓடும் நிரல் விழுந்தால் பைத்தான் கொட்டும் நீண்ட பட்டியலில் கடைசி வரியைப் படிக்க வேண்டும். ஆனால் 'பிப்' ஏதோ ஒன்றை உங்கள் கணினியிலேயே கட்ட முயன்று தோற்றால், கடைசி வரி உதவாது. "ஃபெயில்டு பில்டிங் வீல்" என்று மட்டும் சொல்லும். மேலே உருட்டிக்கொண்டு போய் முதன்முதலில் 'எரர்' என்ற சொல் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் அது அனேகமாக சி பிளஸ் பிளஸ் கம்பைலர் இல்லை என்பதாக இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டு இருந்தும் பயன்படவில்லை என்பவர்களுக்கு இரண்டு இடங்கள். விண்டோஸில் வெறுமனே 'பிப் இன்ஸ்டால் டார்ச்' என்று போட்டால் வருவது சிபியுவில் மட்டும் ஓடும் கட்டு. "டார்ச் நாட் கம்பைல்டு வித் கூடா எனேபிள்டு" என்பது அதன் அடையாளம். கூடா என்பது என்விடியா கார்டைக் கணக்குப் போட வைக்கும் மென்பொருள். பைடார்ச் தளத்தில் உங்கள் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் வரும் நீண்ட கட்டளையைத்தான் போட வேண்டும். இன்னொன்று, 'என்விடியா எஸ்எம்ஐ' கட்டளை மேல் மூலையில் காட்டும் கூடா பதிப்பு எண். அது உங்கள் டிரைவர் அதிகபட்சம் எதுவரை தாங்கும் என்பதற்கான எண். கணினியில் அந்தக் கூடா நிறுவப்பட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. இதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் டூல்கிட்டைத் தேடுகிறவர்கள் உண்டு.

லாமா சிபிபியின் பைத்தான் வடிவத்தை ஒருமுறை கார்டு இல்லாமல் கட்டிவிட்டு, பிறகு கார்டோடு மறுபடி நிறுவினாலும் வேகம் மாறாது. 'பிப்' பழைய கட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து அதையே திரும்பத் தரும். சேமிப்பைத் தவிர்த்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்று அதற்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நினைவகக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இங்கே எரரே வராமல் ஏமாற்றம் நடக்கும். லாமா 3.1 மாடலின் 8 பில்லியன் எண்கள் கொண்ட வடிவத்தை 4 பிட் அளவுக்குச் சுருக்கிய வழக்கமான கோப்பு சுமார் 4.9 ஜிபி. 6 ஜிபி கார்டு வைத்திருப்பவர் 'அடங்கிவிடும்' என்று நினைப்பார். ஆனால் மாடல் இதுவரை படித்ததை நினைவில் வைத்திருக்கவும் கார்டில் இடம் வேண்டும். இந்த மாடலுக்கு 32 அடுக்கு, ஒவ்வொன்றிலும் 8 தலை, ஒவ்வொரு தலைக்கும் 128 எண்கள், சாவிக்கு ஒன்றும் மதிப்புக்கு ஒன்றுமாக இரண்டு பங்கு, எண்ணுக்கு 2 பைட். பெருக்கினால் ஒரு டோக்கனுக்கு, அதாவது மாடல் படிக்கும் ஒரு சொல்துண்டுக்கு, 128 கேபி. 8192 டோக்கன் உரையாடலுக்கு அது மட்டுமே 1 ஜிபி. விண்டோஸும் பிரவுசரும் கார்டில் தங்கள் பங்கை ஏற்கெனவே எடுத்திருக்கும். ஆக 6 ஜிபி நிரம்பி வழிகிறது.

வழிந்தால் 'அவுட் ஆஃப் மெமரி' என்று விழுந்துவிட்டால் நல்லது, தெரிந்துவிடும். விண்டோஸில் புதிய என்விடியா டிரைவர்கள் அப்படி விழ விடாமல், மிச்சத்தைச் சாதாரண ரேமுக்குத் தள்ளிவிடும். எல்லாம் ஓடும், ஆனால் ஓர் எழுத்து வர ஒரு யுகம் ஆகும். டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' என்ற கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், கார்டுக்கு அனுப்பும் அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். 32 அடுக்கில் 24 மட்டும் கார்டில், மீதி சிபியுவில் என்று பிரித்துக் கொடுத்தால், எல்லாவற்றையும் கார்டில் திணித்து வழியவிடுவதைவிடப் பெரும்பாலும் வேகமாக வரும்.

சர்வருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வரும் தொடர்புக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாமா 11434 என்ற போர்ட்டில் காத்திருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைத் தட்டினால் 'ஒல்லாமா ஓடிக்கொண்டிருக்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வர வேண்டும். வந்தால் சர்வர் பக்கம் குற்றமில்லை. ஜன்னல் மென்பொருளை டாக்கர் என்ற தனிப்பெட்டிக்குள் வைத்திருந்தால், அதற்குள்ளிருந்து 127.0.0.1 என்று கூப்பிடுவது டாக்கர் பெட்டி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்வது. வெளியே இருக்கும் உங்கள் கணினியை அது எட்டாது. அதற்கென்று டாக்கர் தனிப் பெயர் ஒன்று தருகிறது, அதைத்தான் கொடுக்க வேண்டும். டாக்கர் இல்லாமலேயே 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் இணைய மறுத்து, 127.0.0.1 என்றால் இணைந்தால், பெயரை ஐபி பதிப்பு 6 முகவரியாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் 17க்குப் பிறகு இது அடிக்கடி நடக்கிறது. எண்ணையே எழுதிவிடுங்கள், முடிந்தது.

இனி தமிழுக்கு வருகிறேன். நான் அதிக நேரம் செலவழித்த இடம் இது.

ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலை பார்க்கும் பெண். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு மாலை போன் வந்தது.

"அண்ணா, தமிழ் உடைஞ்சு உடைஞ்சு வருது. இந்த மாடலே வேண்டாம், வேற சொல்லுங்க."

"உடைஞ்சுன்னா எப்படி? கட்டமா, கேள்விக்குறியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே? இருங்க, பார்க்கிறேன். கறுப்பா ஒரு டைமண்ட், அதுக்குள்ள வெள்ளையா கேள்விக்குறி."

"எல்லா எழுத்துலயுமா, இல்ல அங்கங்கயா?"

"அங்கங்கதான். ஒரு பாராவுல ரெண்டு மூணு. மத்ததெல்லாம் நல்லா படிக்க முடியுது."

அந்தக் கடைசிப் பதிலிலேயே மாடல் மேல் குற்றமில்லை என்று எனக்கு ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. ரெண்டும் ஒன்றில்லை என்பதுதான் அவளுக்கு நான் முதலில் சொன்னது. தமிழ் திரையில் கெடுவதற்கு ஐந்து முகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்.

முதல் முகம் அவள் பார்த்த கறுப்பு வைரம். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் உயிர், 'க' போன்ற அகர எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'க' என்பது 224, 174, 149. 'ொ' என்ற குறி 224, 175, 138. எந்தத் தமிழ்க் குறியும் 224 என்றுதான் தொடங்கும்; இரண்டாவது 174 அல்லது 175. மாடல் பதிலை ஒரே மூச்சில் தருவதில்லை, துண்டு துண்டாக அனுப்புகிறது. அந்தத் துண்டு சில சமயம் ஓர் எழுத்தின் நடுவிலேயே முடிந்துவிடும். 224, 174 இரண்டும் இந்தத் துண்டில், 149 அடுத்த துண்டில். ஜன்னல் மென்பொருள் பொறுமையில்லாமல் முதல் துண்டை உடனே எழுத்தாக்க முயன்றால், அது எந்த எழுத்தும் இல்லை. யூனிகோடு விதிப்படி அங்கே ஒரு கறுப்பு வைரத்தை வைத்துவிடும். அடுத்த துண்டில் தனியாக வரும் 149க்கும் ஒரு வைரம். மாடல் எழுதிய 'க' சுத்தமாகத்தான் கிளம்பியது.

மாடல் முழு எழுத்தாக அனுப்பினாலும் வலைத்தொடர்பு அதை வேறு இடத்தில் வெட்டலாம். அதனால்தான் அங்கங்கே மட்டும் வருகிறது. நான் அவளிடம், பதிலைத் துண்டு துண்டாகக் காட்டாமல் முழுதாக வந்த பிறகு காட்டும் அமைப்பைப் போடச் சொன்னேன். வைரங்கள் எல்லாம் போய்விட்டன. ஆக ஒட்டுகிற இடத்தில்தான் தவறு. அந்த ஜன்னலை எழுதியவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. பைத்தானில் முழுமையடையாத பைட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டுக்குக் காத்திருக்கும் டிகோடர் தயாராக இருக்கிறது. பிரவுசரிலும் டெக்ஸ்ட் டிகோடருக்கு 'ஸ்ட்ரீம்' என்ற ஒரு விருப்பத்தை இயக்கினால் போதும். ஒரு வரி வேலை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு அந்த ஒரு வரியின் தேவை வாழ்நாளில் தெரிய வராது.

இரண்டாவது முகம், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பிறகு வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி. இதே சங்கிலி வரி முழுக்க ஓடும். பார்க்க இதுதான் ஆகப் பெரிய நாசம் போலத் தெரியும். உண்மையில் இதுதான் இருப்பதிலேயே நல்ல செய்தி. 224, 174 என்ற பைட்டுகளை, மேற்கத்திய எழுத்துகளுக்கான விண்டோஸின் பழைய 1252 பட்டியலில் தேடினால் வருபவைதான் அந்த 'ஏ'வும் வட்ட 'ஆரும்'. பைட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தவறான பட்டியலை வைத்துப் படித்திருக்கிறார்கள். கோப்பை யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் முழுதாகத் திரும்பும்.

வரிசையாகச் சாதாரணக் கேள்விக்குறிகள் வந்தால் அதுதான் துக்கம். எவனோ நடுவில் தமிழை 1252க்குள் திணிக்கப் பார்த்து, இடமில்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டான். மூலம் போய்விட்டது, மீட்க வழியில்லை, மறுபடி ஓட்டத்தான் வேண்டும். ரஷ்ய மொழிக்கு 1251 இருந்தது போலத் தமிழுக்கென்று கணினி முழுதும் இயல்பாக வைக்கக்கூடிய பழைய பட்டியல் எதுவும் விண்டோஸில் கிடையாது. ஆகவே பழைய வழியில் போகும் எந்த நிரலும் தமிழை இழக்கத்தான் செய்யும். பைத்தான் இந்த விஷயத்தில் நேர்மையானது: விடையைக் கோப்பில் எழுதப் போகும்போது "சார்மேப் கோடெக் கான்ட் என்கோட்" என்று நின்றுவிடும். நிறையப் பேர் இதை மாடல் செத்துவிட்டது என்று புரிந்துகொள்கிறார்கள். மாடல் தன் வேலையை முழுதாக முடித்துவிட்டது. எழுதி வைக்கத்தான் ஆளில்லை. 'பைத்தான் யூடிஎஃப்8' என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துவிட்டு ஓட்டினால் தீரும். பைத்தான் 3.15 முதல் இதையே இயல்பாக்குவதென்று முடிவாகியிருக்கிறது.

வெற்றுக் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ கூடவே வருகிறது. அதற்கு முன் லதா இருந்தது. அதனால் பிரவுசரில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் திரையில் அழகாகத் தெரிந்த தமிழ், பிடிஎஃப் ஆக்கினால் மட்டும் கட்டமாக மாறினால், அந்தப் பிடிஎஃப் அனேகமாக உங்கள் பிரவுசரில் உருவாகவில்லை, சர்வர் பக்கம் ஒரு டாக்கர் பெட்டிக்குள் உருவாகிறது. அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவ வேண்டும்.

ஐந்தாவது, புள்ளிகளால் ஆன வட்டம். கொம்பு ஒன்று துணைக்கு எழுத்தில்லாமல் நிற்பது போல இருக்கும். கணினியில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு 'ெ' என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இழுத்து முன்னால் போடுவது காட்டும் இடத்தின் வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் என்று வரையும் பழைய டெர்மினல்களுக்கு அது தெரியாது. கொம்பு வலப்பக்கமே நின்று, வட்டத்தோடு அனாதையாகத் தெரியும். நல்ல பிரவுசரிலேயே, பதில் ஓடி வரும்போது கூர்ந்து பார்த்தால் முதலில் 'க' வந்து நிற்கும், கண் இமைக்கும் முன் இருபுறமும் குறி முளைத்து 'கொ' ஆகும். அது கோளாறு இல்லை, தமிழ் அப்படித்தான் உருவாகிறது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். தமிழை டெர்மினலில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். விடையைக் கோப்பில் போட்டு பிரவுசரில் திறந்து பாருங்கள்.

காட்சி சரியான பிறகும் பதில் பாதியில் நின்றால், எண்களைப் பார்க்க வேண்டும். பைத்தானில் மாடலை ஓட்டும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நூலகத்தில், மாடலோடு வந்த அமைப்பிலோ உங்கள் கட்டளையிலோ எண் எதுவும் இல்லாவிட்டால், பதிலின் நீளம் 20 டோக்கன்தான். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாவது வரும். தமிழில்? ஓர் எழுத்துக்கென்று தனி டோக்கன் இல்லாத மாடல் அதைப் பைட் பைட்டாக எழுதும். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறிகள், 15 பைட். மிக மோசமான நிலையில் 15 டோக்கன். 20 டோக்கனில் இரண்டாவது சொல்லே முடியாது. லாமா 2 மாடலின் சொற்பட்டியல் 32,000 டோக்கன்தான், தமிழுக்கு அதில் மிகச் சொற்ப இடம். அதனால்தான் 2023இல் வந்த தமிழ் லாமா, பட்டியலோடு 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்துக்கொண்டது. லாமா 3இல் பட்டியல் 1,28,000ஐத் தாண்டியது, கெம்மா 2இல் 2,56,000. இந்த வளர்ச்சி தமிழுக்கு நேரடி லாபம்.

உரையாடலின் மொத்த நீளத்துக்கும் இதே கதைதான். ஒல்லாமா நெடுநாள் 2048 டோக்கனையே இயல்பாக வைத்திருந்தது, பிறகு கூட்டினார்கள். அதைத் தாண்டினால் முந்தைய பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒரு நீண்ட தமிழ் அத்தியாயத்தைக் கொடுத்துச் சுருக்கச் சொன்னால், கடைசிப் பக்கத்தை மட்டும் சுருக்கித் தரும். படிப்பவர் 'புரிந்துகொள்ளவில்லை' என்பார். அது மீதியைப் படிக்கவே இல்லை. இந்த அளவைக் கூட்டும் விருப்பம் ஜன்னலில் எங்கோ உள்ளே இருக்கும், தேடிக் கூட்டுங்கள். கார்டின் நினைவகக் கணக்கை மறக்காமல்.

இன்னொரு அமைப்பு, ரொம்பப் பேர் கவனிக்காதது: திரும்பச் சொல்வதற்கான தண்டனை. மாடல் சொன்னதையே சொல்லாமல் இருக்க, சமீபத்தில் வந்த டோக்கன்களுக்கு மதிப்பைக் குறைப்பார்கள். ஒல்லாமாவில் இயல்பாக 1.1, கடைசி 64 டோக்கன்களுக்கு. ஆங்கிலத்தில் இது நல்ல ஏற்பாடு. தமிழைப் பைட் பைட்டாக எழுதும் மாடலுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 224 வேண்டும். அந்த 224 சற்று முன்தான் வந்தது, ஆகவே தண்டனை. 174க்கும் தண்டனை. தமிழில் அடுத்த எழுத்தை எழுதுவதே குற்றம் போல ஆகிவிடும். மாடல் நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவும், அல்லது அரைகுறை பைட்டுகளை விட்டுச் செல்லும். மதிப்பை 1.0 ஆக்கிப் பாருங்கள். அதுவரை தமிழ் தெரியாத மாடல் என்று ஒதுக்கி வைத்திருந்தது, கட்டுரை அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒரு பத்தி ஒழுங்காக எழுதுவதைப் பார்ப்பீர்கள்.

பதில் முடிந்த பிறகும் நிற்காமல், தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு போனால், உரையாடல் வார்ப்பு பொருந்தவில்லை. எங்கே பேச்சு முடிகிறது என்பதற்கு ஒவ்வொரு மாடல் குடும்பத்துக்கும் ஒரு தனிக்குறி. 2024 ஏப்ரலில் லாமா 3 வந்த புதிதில் பலர் மாற்றிக் கொடுத்த கோப்புகளில் இந்த முடிவுக்குறி தவறாக இருந்து, 'அசிஸ்டன்ட்' என்று எழுதிவிட்டு மாடல் பேசிக்கொண்டே போனது. கோப்பைப் புதிதாக இறக்கியதும் சரியானது. இன்னொரு சாத்தியம், நீங்கள் இறக்கியது உரையாடலுக்குப் பழக்காத மூல மாடலாக இருக்கலாம். அது கேள்விக்குப் பதில் சொல்லாது, கேள்வியைத் தொடர்ந்து எழுதிக்கொண்டு போகும். கோப்பின் பெயரில் 'இன்ஸ்ட்ரக்ட்' அல்லது 'சாட்' இருக்கிறதா என்று பார்க்கவும்.

இத்தனையும் சரிபார்த்த பிறகு, சர்வரிடம் நேராகக் கேட்டு, விடையைக் கோப்பில் எழுதி, பிரவுசரில் திறந்து, போதிய நீளமும் கொடுத்துப் பார்த்தும் மாடல் 'அவன் வந்தாள்' என்று எழுதினால், ஒப்புக்கொள்ளலாம்: இந்த மாடலுக்குத் தமிழ் வராது. அப்போது வேறு மாடல் தேடுவது நியாயம். அந்தப் பதிப்பகப் பெண்ணுக்கு அந்த நிலை வரவில்லை. அதே மாடலை வைத்துக்கொண்டு, ஜன்னலைத்தான் மாற்றினாள்.

பழைய ஜன்னலை எழுதியவருக்குப் புகார் ஒன்றும் அனுப்பினாள். அதை எப்படி எழுதுவது என்று கொஞ்சம் பேசினோம். 'தமிழ் சரியாக வரவில்லை' என்று எழுதினால், தமிழ் படிக்கத் தெரியாத ஒரு டெவலப்பர் என்ன செய்வார்? சரியாக இருப்பது எது, கெட்டது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் அவள் மாடலிடம் நிறைய எமோஜி போட்டு ஒரு பதில் எழுதச் சொன்னாள். எமோஜி பெரும்பாலும் நான்கு பைட். தமிழ் உடையும் அதே இடத்தில் அதுவும் உடையும். உடைந்தது. அந்தத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும், துண்டாக அனுப்பினால் இப்படி, முழுதாக வந்தால் இப்படி என்று இரண்டு விடைகளையும், மென்பொருளின் பதிப்பு எண்ணையும், 'க'வின் மூன்று பைட்டுகள் எந்த இரண்டு துண்டுகளில் பிரிந்து வந்தன என்பதையும் சேர்த்து அனுப்பினாள். சோதனைக்கு என்று இரண்டு தமிழ் வரிகளையும் கீழே இணைத்திருந்தாள், இனி வரும் பதிப்புகளை வெளியிடும் முன் அவற்றை ஓட்டிப் பார்க்கும்படி.